ஸுஃப்பாவிலிருந்து சோஃபாவுக்கு: நம் கூடத்துச் சுவரின் கதை



நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறார். கூடத்தின் அளவு 11-க்கு 12 அடி. 55 அங்குலத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி, அதற்கேற்ற டிவி யூனிட், எல் வடிவச் சோஃபா ஆகிய மூன்றுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. ஆனால் பிளக் பாயிண்டையும் கேபிள் துளையையும் கட்டுமானக்காரர் மேற்குச் சுவரில் வைத்துவிட்டார். அந்த மேற்குச் சுவரை நோக்கித்தான் அவருடைய தாயார் தொழ வேண்டும். மூட்டு வலியால் தரையில் அமர இயலாதவர். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். படுக்கையறையில் கட்டில் போட்டபின் நாற்காலிக்கு இடமில்லை.

"தொழும் நேரத்தில் டிவியை அணைத்துவிடுகிறோம், கூடும்தானே ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார்.

"உம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று நாம் கேட்டோம்.

"அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. 'நான் அடுப்படியில் தொழுதுகொள்கிறேன், நீங்கள் வசதிப்படி வையுங்கள்' என்று மட்டும் சொன்னார்கள்."

அணைத்து வைத்த திரைக்கு முன்னால் தொழுதால் தொழுகை நிறைவேறிவிடும். கவனத்தைக் கலைக்கும் பொருளை முன்னால் வைத்துக்கொள்வது விரும்பத்தக்கதல்ல. மார்க்கச் சட்டம் கேட்டவருக்கு அவ்வளவில் விடை முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தாயாரின் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு பொருள் வீட்டுக்குள் வரும்போது யார் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்பது சிறிய கேள்வியன்று. நம் வீடுகளின் இருக்கைகளும் சுவர்களும் எப்படி இந்த நிலைக்கு வந்தன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

சோஃபா என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். அதை ஆங்கிலச் சொல் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது அரபு மொழியின் 'ஸுஃப்பா' என்னும் சொல்; துருக்கியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து மெத்தை வைத்த நாற்காலியாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. ஸுஃப்பா என்றால் கூரை வேய்ந்த திண்ணை. மஸ்ஜிதுந் நபவியில் இருந்த திண்ணையைத்தான் இஸ்லாமிய வரலாறு அப்பெயரால் அறியும்.

அத்திண்ணை உருவான விதம் கவனிக்கத்தக்கது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்த தொடக்கத்தில் கிப்லா வடக்கே, பைத்துல் முகத்தஸை நோக்கி இருந்தது. ஹிஜ்ரி 2-இல் கஅபாவை நோக்கித் திரும்புமாறு கட்டளை வந்தபோது, மதீனாவுக்குத் தெற்கே மக்கா இருப்பதால் பள்ளிவாசலே முன்பின்னாக மாறியது. முன்வரிசையாக இருந்த வடபுறம் பின்புறமாயிற்று. அங்கிருந்த நிழற்கூரையின் கீழ்தான் வீடுவாசல் அற்ற தோழர்கள் தங்கினார்கள், ஓதினார்கள், உறங்கினார்கள். தொழும் திசையை முதலில் முடிவு செய்து, மனிதர்கள் தங்கும் இடம் அதற்கேற்ப அமைந்தது. இன்று நம் வீடுகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது: முதலில் பிளக் பாயிண்ட், பிறகு சோஃபா, மிஞ்சிய இடத்தில் முஸல்லா.

ஸுஃப்பாவாசிகளில் எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களில் ஒருவருக்கும் மேலாடை இருந்ததில்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர்களும் அத்திண்ணையைச் சேர்ந்தவர்களே. பசியோடு இருந்த ஒருநாள் நபியவர்களுக்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்த செய்தியை நம் மக்தப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். திண்ணையில் இருப்போர் அனைவரையும் அழைத்துவரச் சொல்லி, ஒவ்வொருவராகக் குடிக்கச் செய்து, பிறகு அபூஹுரைராவைக் குடிக்கச் செய்து, எல்லாருக்கும் கடைசியில் நபியவர்கள் குடித்தார்கள். ஸுஃப்பா என்ற சொல்லின் பிறப்பிடம் அது. 5 பேர் அமரும் இருக்கையில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருக்க, மற்றவர்கள் ஓரங்களில் ஒண்டியிருப்பதை நாம் இன்று அதே சொல்லால் குறிக்கிறோம்.

திவான் என்பதும் இப்படித்தான். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் படைவீரர்களுக்கும் உதவித்தொகை பெறுவோருக்கும் ஏற்படுத்திய பதிவேட்டுக்குத் திவான் என்று பெயர். பதிவேடு இருந்த அலுவலகத்துக்கு அப்பெயர் ஆயிற்று, பிறகு அரசவைக்கு, பிறகு அவையின் சுவரோரம் போட்ட நீண்ட மெத்தைக்கு. நம் ஊர்த் தச்சர்கள் செய்யும் திவான் கட்டில் அதன் கடைசிப் பேரன். பழைய திவானில் மெத்தைகள் மூன்று சுவர்களை ஒட்டி இருந்தன, நடுவில் வெற்றிடம். அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சுவரைப் பற்றியும் இரண்டு அறிவிப்புகள் உள்ளன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் வீட்டின் ஒரு பக்கத்தை மறைத்து உருவங்கள் கொண்ட மெல்லிய திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தொழும்போது அவ்வுருவங்கள் தம் முன் தோன்றிக்கொண்டே இருப்பதாகச் சொல்லி, அதை அகற்றுமாறு நபியவர்கள் கேட்டுக்கொண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மற்றோர் அறிவிப்பில், உருவங்கள் இருந்த திரையை அன்னையவர்கள் இரண்டு திண்டுகளாக ஆக்கியதும், நபியவர்கள் அவற்றின்மேல் அமர்ந்ததும் வருகின்றன. இரண்டும் புகாரியில் உள்ளவை. இவற்றிலிருந்து எழும் சட்டங்களைப் பற்றி அறிஞர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதற்குள் நாம் போகவில்லை. நம் கவனத்துக்கு உரியது வேறு. மனித குலத்திலேயே தொழுகையில் மிகுந்த ஒருமை கொண்டவர், தம் முன்னால் ஒரு துணி தொங்குவது தம்மைப் பாதிக்கிறது என்று வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். துணிக்கே அப்படியென்றால், 'அணைத்துவிட்டால் போதும்' என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அணைத்த திரையும் வெறுஞ்சுவர் ஆகாது. சன்னலும் விளக்கும் நடமாடும் பிள்ளைகளும் அதில் நிழலாடுவார்கள். தொழுபவர் தம்மையே அதில் காண்பார்.

இனி நம் நாட்டு வீட்டுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம் வீட்டின் பழைய இருக்கை பாய். நாற்காலி வந்தவருக்கு, பாய் வீட்டாருக்கும் உறவினருக்கும் தொழுகைக்கும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைக் கோரைப்பாய் உலகப் புகழ் பெற்றதை அறிவோம். பட்டுப்போல் மடங்கும் அப்பாயைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வருபவர்கள் பெரும்பாலும் அவ்வூர் லெப்பைமார் குடும்பத்தினரே. 1953-இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்டது என்பதை அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். திருமணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பாய் எடுப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது.

பாயின் சிறப்பு அதன் நெசவில் மட்டும் இல்லை. சுருட்டினால் கூடம் காலியாகிவிடும். ஸுப்ஹுக்கு விரித்த இடத்தில் பகலில் பிள்ளைகள் ஓதுவார்கள். மதியம் அங்கேயே உணவு. இரவில் அங்கேயே உறக்கம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடமும் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் பழக்கம் உண்டு. ஸஹனைச் சுற்றி அமர்பவர்கள் வட்டமாகத்தான் அமர இயலும். வட்டத்தில் தலைமாடு, கால்மாடு இல்லை. யார் முகம் வாடியிருக்கிறது, யார் சரியாகச் சாப்பிடவில்லை என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

இந்த வட்டத்தை உடைத்தது தொலைக்காட்சி என்று சொல்வது எளிது. நம் மேடைகளில் பலமுறை சொல்லியும் இருக்கிறோம். வரலாறு அத்தனை எளிதாக இல்லை.

முஸ்லிம் உலகில் தொலைக்காட்சி சண்டையின்றி நுழையவில்லை. 1965-இல் சவூதி அரேபியாவில் மன்னர் ஃபைசல் அதைக் கொண்டுவந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ரியாதில் ஒளிபரப்பு நிலையத்தைத் தாக்கச் சென்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இளவரசர் காலித் பின் முஸாயித் அதன் தொடர்ச்சியாகக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1975 மார்ச் 25 அன்று மன்னர் ஃபைசலைச் சுட்டுக் கொன்றவர் அந்த இளவரசரின் உடன்பிறந்தவர். பழிவாங்கலே காரணம் என்று பலர் கருதினார்கள். இன்று அதே நாட்டிலிருந்து ஹரமின் தராவீஹ் தொழுகையை நம் வீட்டுத் தாய்மார்கள் கண்ணீரோடு நேரலையில் பார்க்கிறார்கள். எதிர்த்தவர்களையும் ஆதரித்தவர்களையும் நாம் இப்போது தீர்ப்புக் கூற அழைக்க வேண்டியதில்லை.

மன்னர் ஃபைசல் மறைந்த அதே 1975-இல், ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. தென்மாவட்டக் கரையோர ஊர்களுக்கு அது எட்டவில்லை. அவ்வூர்களின் மொட்டை மாடிகளுக்கு முதலில் வந்தது இலங்கை. 1982 பிப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கிய ரூபவாஹினியை, கடல் தாண்டி வரும் அலைகளை, உயரமான ஆண்டெனா நட்டுப் பிடித்தார்கள். காற்று வீசினால் படம் ஓடும். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று கூவுவார். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒலி-ஒளிபரப்புக் கோபுரம் வந்தபின்னரே சென்னை நிகழ்ச்சிகள் தெற்கே சீராகத் தெரிந்தன. திரையரங்கு இல்லாத ஊர் என்று பெயர் பெற்ற காயல்பட்டினம் போன்ற ஊரில் திரை வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அக்காலப் பெரியவர்கள் கலங்கியதில் வியப்பில்லை.

பெட்டியை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சஃபராளிகள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர் முதலில் டூ இன் ஒன் கொண்டுவந்தார். அடுத்த பயணத்தில் டிவியும் வீடியோ டெக்கும். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளும் இருந்தன. அதற்கு உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த நடைமுறை ஒழிந்தது.

இங்கே நாம் மறந்துவிட்ட ஒரு மரச்சாமானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலப் பெட்டிகள் பலவற்றுக்குக் கதவு இருந்தது. மெல்லிய மரச்சட்டங்களைக் கோத்த இழுப்புக் கதவு. இரு பக்கமிருந்தும் இழுத்தால் நடுவில் வந்து சேரும். பூட்டும் சாவியும் உண்டு. பெட்டிக்குக் கீழே நான்கு கால்கள். மேலே பூத்தையல் போட்ட துணி. மஃரிப் பாங்கு சொன்னதும் கதவை இழுத்து மூடுவது பல வீடுகளில் மரபாக இருந்தது. சாவி உம்மாவின் இடுப்பில், பெட்டகச் சாவியோடு சேர்ந்து தொங்கியது. வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' வரும் நேரத்தில் அந்தச் சாவிக்காக நடந்த மன்றாட்டங்களை நாற்பது வயது தாண்டியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நாமும் மன்றாடியவர்களில் ஒருவர்தாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கதவு தடை செய்யவில்லை, நேரம் பிரித்தது. மூடியபின் அந்தப் பெட்டி அலமாரியைப் போல ஒரு மரச்சாமான் ஆகிவிடும். கூடம் மீண்டும் ஓதும் இடமாகவும் விருந்தினர் அமரும் இடமாகவும் மாறிவிடும். அன்று பக்கத்து வீட்டாரும் வந்து பாயில் அமர்ந்து பார்த்தார்கள். பெட்டி ஓடும்போது எல்லாரும் ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும், கதவு மூடியதும் பாயில் மீண்டும் வட்டம் கூடியது.

பிறகு நடந்தவை நாம் அறிந்தவையே. 1993-இல் சன் டிவி, தெருவெல்லாம் கேபிள், நாள் முழுதும் ஓடும் நிகழ்ச்சிகள். இழுப்புக் கதவு போய், ஷோகேஸ் நடுவில் பெட்டிக்கென்று திறந்த மாடம் வந்தது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றன. ஸ்டூலின் மீதும் டிரங்குப் பெட்டியின் மீதும் அவை அமர்ந்தன. ஏழை வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்க்கும் நிலையை அது நீக்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.

தட்டைத்திரையின் பிறப்பு ஆசிரியர்களாகிய நமக்குச் சற்று இனிப்பான செய்தி. முதல் பிளாஸ்மா திரை 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டது. டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ என்னும் பேராசிரியர்களும் ராபர்ட் வில்சன் என்னும் மாணவரும் அதைச் செய்தார்கள். நோக்கம் பொழுதுபோக்கு அன்று. கணினி வழியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் 'பிளாட்டோ' என்னும் திட்டத்துக்கு ஒரு திரை தேவைப்பட்டது. திரவப் படிகத் திரையை 1968-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் உலகுக்கு அறிவித்தபோது, சுவரில் மாட்டும் தொலைக்காட்சி வந்துவிடும் என்று அதன் ஆய்வாளர் ஜார்ஜ் ஹைல்மையர் கனவு கண்டார். கனவு நனவாக முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2007-ஆம் ஆண்டின் இறுதி வாக்கில் உலக விற்பனையில் பழைய குழல் பெட்டிகளைத் திரவப் படிகத் திரைகள் முந்தின. இன்று கடையில் எல்.இ.டி. டிவி என்று சொல்லி விற்பதும் பெரும்பாலும் அதே திரவப் படிகத் திரைதான். பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு மட்டுமே எல்.இ.டி.

பழைய பெட்டி ஒன்றரை அடி ஆழம் கொண்டது. அதற்கு ஒரு மூலை போதும். மூலையில் வைத்த பெட்டிக்கு முன்னால் எவரும் தொழ வேண்டியிருக்கவில்லை. தட்டைத்திரைக்கு ஆழம் இல்லை, ஆனால் சுவர் வேண்டும். 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. அகலம் ஏறத்தாழ 4 அடி, உயரம் இரண்டேகால் அடி. இடத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் பொருள், வீட்டின் மிகப் பெரிய சுவரைக் கேட்கிறது. எல்லா இருக்கைகளும் அச்சுவரை நோக்கித் திரும்புகின்றன. கதவும் இல்லை, சாவியும் இல்லை. நபியவர்கள் ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என எண்ணிச் சொல்லி, நான்காவதை ஷைத்தானுக்குரியது என்று எச்சரித்த செய்தி ஜாபிர் (ரலி) வழியாக முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கில் விருந்தினருக்கு இடம் இருந்ததைக் கவனியுங்கள். இன்றைய கூடத்தில் வந்தவரை அமரச் சொல்கிறோம்; அவரும் நாமும் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், சுவரைப் பார்த்தபடி நலம் விசாரிக்கிறோம்.

நண்பரின் வீட்டுக்கு மறுவாரம் நாமே சென்றோம், அளவு நாடாவோடு. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரின் மேற்கு மூலையும் தாயாரின் பார்வையில் படும். ஆகவே தெற்குச் சுவரே தகும் என்று முடிவாயிற்று. 55 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 7 அடி தொலைவில் அமர வேண்டும். எல் வடிவச் சோஃபாவைப் போட்டால் 5 அடிகூட மிஞ்சாது. கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் 43 அங்குலத் திரைக்கும் மூன்று பேர் அமரும் நேர் சோஃபாவுக்கும் மாற்றிக்கொடுத்தார். உயரத்தில் மாட்ட வேண்டாம் என்றோம். பாயில் அமரும் பிள்ளைகளின் கழுத்து என்னாவது? தாழ்வான மேசைமேல் வைத்து, முன்புறம் இழுப்புக் கதவு போட்ட அலமாரியாகவே செய்துதரத் தச்சர் ஒருவர் இசைந்தார். பின்புறம் வெப்பம் வெளியேற வழி விட வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு இருமுறை சொல்ல நேர்ந்தது. பூட்டு வேண்டுமா என்று கேட்டார். தந்தை பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். முடிவை அவர்கள் வீட்டுக்கே விட்டுவிட்டு வந்தோம்.

மின்பணியாளர் சுவரோரமாகக் கேஸிங் அடித்து இணைப்பைத் தெற்கே கொண்டுவந்திருக்கிறார். மேற்குச் சுவரில் இப்போது ஒன்றும் இல்லை. தாயாரின் நாற்காலி அதன் முன்னால் இருக்கிறது. கட்டுமானக்காரர் வைத்த பிளக் பாயிண்டில் அவருடைய கைபேசி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது.